பதினோரு வருடம் நகராத சீட்

கம்பியக்கா ஒரு கார் சீட்டைக் கெடுத்தவர் என்று ஒரு குடும்பமே பதினோரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கல்யாண வீடு, துக்க வீடு என்றெல்லாம் பார்க்கவில்லை. நாலு பேர் கூடிவிட்டால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "அண்ணி கை பட்டா இரும்பும் கரிஞ்சிடும்." எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று எனக்குத் தெரியும்.

நானும் அவரும் ஃபேன் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசை. வைண்டிங் பிரிவு. மோட்டாருக்குள் போகும் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, பள்ளங்களில் அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, வார்னிஷில் தோய்த்து அனுப்புவது எங்கள் வேலை. அக்கா அதை இருபத்தெட்டு வருடம் செய்தார். பழுதாகித் திரும்பி வரும் மோட்டாரை அவர் மேசையில் வைத்தால் முதலில் மோந்து பார்ப்பார். பிறகு விரலால் ஒரு தடவு தடவுவார். "இது தீயல, தண்ணி இறங்கியிருக்கு. காய வெச்சா ஓடும்" என்பார். சூப்பர்வைசர் மீட்டரை எடுத்துவந்து அரை மணி நேரம் குடைந்துவிட்டு அதையே திரும்பச் சொல்வார். கம்பியக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். யாராவது பாதி வேலையில் நழுவப் பார்த்தால், "கம்பியை நீட்டாதடி, சுத்து" என்று அவர் போடும் ஒரு சத்தத்துக்குப் பிரிவே சிரிக்கும்.

அவருடைய கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். அதனால் எங்களுக்கு அவர் வரைபடக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். அக்கா ஐந்தடிக்கு ஒரு விரல்கடை குறைவு. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் கதவும் கதவுக் கொண்டியும் போல இருக்கும். வரைபடக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். குடிக்கமாட்டார், கத்தமாட்டார். வீட்டில் எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பென்சில்கள் உயர வரிசையில் நிற்கும். செருப்புகூட ஜோடியாக ஒரே திசையைப் பார்த்திருக்கும்.

அவருக்கு ஒரு கார் இருந்தது. நீளமான, சாம்பல் கலந்த நீலநிறக் கார். வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனதை வாங்கினாராம். நாற்பது வயதுக்கு மேலான வண்டி. அந்தக் காலத்திலேயே அதில் ஓட்டுநர் சீட்டுக்கு மோட்டார் உண்டு. சீட்டின் பக்கவாட்டில் இரண்டு சின்னக் குமிழ்கள். ஒன்றைத் தள்ளினால் சீட் முன்னே பின்னே போகும். இன்னொன்றைத் தூக்கினால் சீட் மேலே எழும்பும். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவர் அந்தக் காரோடுதான் இருப்பார். துடைப்பார், மெழுகு பூசுவார், மறுபடி துடைப்பார். "எனக்கு மூத்தவ அவதான்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வரைபடக்காரர் தம்பி வீட்டுக்கு ரயிலில் போயிருந்தார். இரண்டு நாள். அக்கா வேலை முடிந்து வந்து, கார் நின்ற கொட்டகையின் கதவைத் திறந்து, ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. குமிழைத் தள்ளினார். சீட் ஒரு முனகலோடு முன்னே வந்தது. இன்னொரு குமிழைத் தூக்கினார். சீட் அவரைத் தூக்கிக் காட்டியது. கண்ணாடிக்கு வெளியே கொட்டகைச் சுவர்தான் தெரிந்தது. ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிரேக்கில் கால் வைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாராம். இன்ஜினைக்கூடக் கிளப்பவில்லை. பிறகு சீட்டைப் பழையபடி பின்னால் தள்ளிவைத்துவிட்டு இறங்கி, உலை வைக்கப் போய்விட்டார். மறுநாள் மதிய இடைவேளையில் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் பார்க்கவேண்டுமே. திருட்டு மாங்காய் தின்ற பிள்ளை மாதிரி இருந்தது.

வரைபடக்காரர் ஊரிலிருந்து வந்த அடுத்த நாள் கேட்டார்.

"சீட் நகர மாட்டேங்குது. நீ ஏதாவது தொட்டியா?"

அக்காவுக்குப் பொய் வராது. "ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேங்க."

"எரிச்சிட்டியே."

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அந்த சீட் அசையவில்லை. அவருடைய உயரத்துக்கு ஏற்றபடி, கடைசி வரை பின்னால் தள்ளி, தாழ இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. அக்கா கழற்றிப் பார்க்கிறேன் என்றார். "பண்ணின வரைக்கும் போதும்" என்று அவர் சொல்லிவிட்டார்.

மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருந்தால் அக்கா அன்றைக்கே துடைத்துப்போட்டிருப்பார். தெரிந்ததுதான் வினையாகிவிட்டது. ஓட்டம் தடைப்பட்ட மோட்டாரில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் அது சூடாகி எரியும் என்று எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். "எல்லைக்கு வந்த பிறகும் அழுத்திப் பிடிச்சிருப்பேன்டி. ஆசையில கவனிக்கல" என்று எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா வாசம் வரலையே" என்பார். எரிந்த வார்னிஷ் வாடையை உலகத்தில் எந்த மூலையில் வைத்தாலும் கண்டுபிடிக்கிற மூக்கு அது. அந்த மூக்கையே அவர் நம்பாமல் போனார். கணவரின் வார்த்தையை நம்பினார்.

அந்தக் குடும்பம் அதைக் கதையாக்கிக்கொண்டது. மோட்டார் கம்பெனியில் வேலை செய்கிற பெண் வீட்டு மோட்டாரை எரித்துவிட்டாள் என்றால் யாருக்குத்தான் இனிக்காது? மிக்சி நின்றால் அக்காவைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பிறந்தநாள் விருந்தில் நாத்தனார், "அண்ணி, அந்த ஃபேனுக்குக் கீழ உட்காராதீங்க, அது நல்லா ஓடிக்கிட்டிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன்.

போன வருடம் வரைபடக்காரருக்குக் கண் கெட்டது. பார்வையின் நடுவில் புகைபோல ஏதோ மறைக்கிறது என்றார். எதிரில் நிற்பவரின் காது தெரியும், முகம் தெரியாது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதம் ஒரு தடவை கண்ணில் ஊசி போட வேண்டும். கண் மருத்துவமனை நகரத்தின் மறுகோடியில். இரண்டு பேருந்து மாற வேண்டும். ஊசி போட்டுவிட்டு ஒரு கண்ணைக் கட்டி அனுப்புவார்கள். அந்த ஆறடி ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கூட்டத்தில் ஏறி இறங்குவதை ஒரு நாள் நானே பார்த்தேன்.

இரண்டாவது ஊசி முடிந்த வாரம் அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில். முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கினார். தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். வரைபடக்காரர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "வாங்கி என்ன பண்ணப்போற? நம்ம வண்டியில உனக்குக் கால் எட்டாதே" என்றார்.

அக்கா முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்துப் பார்த்தார். தெருமுனை வரை போய்த் திரும்பி வரும்போது பிரேக்கை அழுத்தினால் கால் முன்னே போவதற்குப் பதில் முதுகு பின்னே அமுங்கியது. கேட்டுக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண்தான் மிச்சம். என்னை யாராவது கேட்டிருந்தால் காரை விற்கச் சொல்லியிருப்பேன். அக்கா, "சீட்டைச் சரிபண்ணணும்" என்றார்.

தெருமுனை மெக்கானிக் வந்தார். சீட்டில் உட்கார்ந்து குமிழை இரண்டு தட்டுத் தட்டினார். இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். "மோட்டார் காலிம்மா."

"எந்த மோட்டார்?" என்றார் அக்கா.

"சீட் மோட்டார்தான்."

"முன்னே பின்னே போக ஒண்ணு, மேலே கீழே போக ஒண்ணு. ரெண்டு மோட்டார் இருக்கே. ரெண்டும் ஒரே நாள்லயா எரிஞ்சுது? இரட்டைப் பிள்ளையா?"

மெக்கானிக் அக்காவுக்குப் பதில் சொல்லவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வரைபடக்காரரைப் பார்த்துத் திரும்பினார். "சார், இதெல்லாம் இப்ப கிடைக்காது. வேற சீட் போட்டு வெல்டிங் அடிச்சிடலாம்."

"நானும் அதான் சொல்றேன், கேட்டாத்தானே" என்றார் வரைபடக்காரர்.

அந்தக் காட்சியை அக்கா எனக்கு நடித்தே காட்டினார். கேள்வி கேட்டவள் நின்றுகொண்டிருக்க, கண் தெரியாத மனிதருக்குப் பதில் போகிறது.

அடுத்து வரைபடக்காரரின் தம்பி ஓர் ஆளை அனுப்பினார். பழைய கார்களுக்கென்றே பேர்போனவராம், 'கார் டாக்டர்' என்று அழைப்பார்களாம். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அவர் குமிழைக்கூடத் தொடவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அம்மா, பொதுவா இந்த மாடல்ல சீட் மோட்டார் போனா போனதுதான். வண்டியைத் தெரிஞ்சவங்க கையில கொடுத்துடறது நல்லது" என்றார்.

தெரிந்தவர் யார் என்பது இரண்டு நாளில் புரிந்தது. தம்பி தொலைபேசியில் பேசினார். அண்ணனைப் போலவே அவரும் நெட்டை. அந்த சீட் அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. "அங்க நின்னு துருப்பிடிக்கறதுக்கு நான் எடுத்துக்கறேன் அண்ணி. அண்ணன்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அக்கா எனக்குப் போன் செய்தார். "பழைய துணி கட்டிக்கிட்டு வா. டார்ச் எடுத்துக்கோ." நான் போகும்போது கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. அக்கா முடியை இறுக்கி முடிந்திருந்தார். கையில் அவரே கட்டிய டெஸ்ட் பல்பு. பழைய ஸ்கூட்டரின் சின்ன பல்பு, இரண்டு ஒயர், ஒன்றின் முனையில் கவ்வி. வரைபடக்காரர் முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். "தொட்டுத் தொட்டு மிச்சத்தையும் கெடுத்துடாத" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"வரிசையாப் போவோம்" என்றார் என்னிடம். முதலில் பாட்டரி. முன்விளக்கைப் போட்டார், பளிச்சென்று எரிந்தது. அடுத்து ஃபியூஸ் பெட்டி. சீட்டுக்கான ஃபியூஸின் இரண்டு பக்கமும் ஒயரை வைத்தார். பல்பு இரண்டு பக்கமும் எரிந்தது. பிறகு சீட்டின் பக்கவாட்டில் இரண்டு திருகைக் கழற்றி, குமிழ்கள் இருந்த சுவிட்சை வெளியே இழுத்தார். உள்ளே வருகிற ஒயரில் பல்பு எரிந்தது. குமிழை முன்னால் தள்ளியதும் வெளியே போகிற ஒரு ஒயரில் எரிந்தது. பின்னால் தள்ளியதும் மற்றொன்றில் எரிந்தது.

"சுவிட்ச் யோக்கியன்" என்றார் அக்கா. "இங்க வரைக்கும் கரண்ட் வருது. மோட்டார் 'க்கும்'னுகூடச் சொல்லல. எரிஞ்ச மோட்டார்னா ஃபியூஸ் போகணும், இல்ல சூடாகணும், இல்ல நாறணும். எதுவுமே இல்லன்னா கரண்ட் அதுகிட்ட போய்ச் சேரலைன்னு அர்த்தம். நடுவுல எங்கயோ அறுந்திருக்கு."

அதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. பதினோரு வருடத்தில் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

சீட் கடைசி வரை பின்னால் தள்ளி, தாழவும் இறங்கியிருந்ததால் அடியில் கை நுழைய இடமே இல்லை. நான் பின்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் ஒருக்களித்துப் படுத்து டார்ச் அடித்தேன். என் கை முழங்கையோடு நின்றுவிட்டது. "தள்ளுடி" என்று அக்கா வந்து படுத்தார். அவர் கை தோள்வரை போனது. "குள்ளச்சின்னு சொன்னவங்க எல்லாம் வரிசையில வாங்க" என்று சீட்டுக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. நான் சிரித்தேன்.

பிறகு சத்தமே இல்லை.

"என்னக்கா?"

"கத்தி எடு."

நான் கொடுத்தேன். ஏதோ ஒரு நூலை அறுத்தார். மெல்ல வெளியே இழுத்தார். சுவிட்சிலிருந்து வரும் ஒயர்க்கட்டின் முனை. அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளக். மோட்டார் பக்கத்து ஜோடியும் பின்னாலேயே வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டியவை. இரண்டும் தனித்தனியாகக் கருப்பு டேப்பில் சுற்றப்பட்டு, தொங்கிச் சத்தம் போடாதபடி சீட்டின் சட்டத்தில் நூலால் கட்டப்பட்டிருந்தன. டேப்பின் கடைசி முனை மட்டும் ஒரு சின்ன முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது.

அந்த வீட்டில் அப்படி முனை மடிப்பவர் ஒரே ஒருவர். மருந்து உறையானாலும் பார்சலானாலும் மறுபடி பிரிக்கச் சுலபமாக இருக்கவேண்டும் என்று முனையை முக்கோணமாக மடித்து ஒட்டுவார். வரைபடத் தாள்களை மேசையில் ஒட்டிய நாளிலிருந்து வந்த பழக்கம்.

அக்கா தரையில் உட்கார்ந்து அந்த முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழுந்து உள்ளே போகப் போனேன். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காரு. முதல்ல வேலை."

டேப்பைப் பிரித்தார். சுலபமாகத்தான் பிரிந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளை மடித்து ஒவ்வொரு முள்ளாகத் தேய்த்து மினுக்கினார். இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தினார், 'டக்' என்று பூட்டிக்கொண்டது. குமிழைத் தூக்கினார். சீட் ஒரு பெருமூச்சு விட்டு மேலே எழும்பியது. முன்னால் தள்ளும் குமிழைத் தொட்டதும் மோட்டார் முக்கியது, ஆனால் சீட் வரவில்லை. அக்கா சட்டென்று கையை எடுத்துவிட்டார். "இதுதான் எரியற இடம். இப்ப விடலைன்னா நிஜமாவே எரிச்ச பேரு வந்துடும்."

சீட் ஓடும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்து தூசியோடு கெட்டிப்பட்டிருந்தது. பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தோம். அரை மணி நேரம் ஊறவிட்டு, துடைத்து, புது கிரீஸ் தடவினார். நான் பின்சீட்டிலிருந்து இரண்டு முழங்காலாலும் முட்டுக்கொடுத்துத் தள்ள, அவர் குமிழைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தார். ஒரு விரல் நகர்ந்தது. நாலு விரல் நகர்ந்தது. பிறகு கிர்ரென்று ஒரே சீராக முன்னே போக ஆரம்பித்தது. அக்கா ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். கால் முழுக்கப் போய் அழுந்தியது.

ரேடியோ நின்றிருந்தது. வரைபடக்காரர் சுவரைத் தடவிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"ஓடுதா?" என்றார்.

அக்கா இறங்கி வந்து அந்த டேப் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல் முனையைத் தேடிப் போய் அந்த முக்கோணத்தில் நின்றது.

"இது என்னன்னு சொல்லுங்க."

"அது வந்து... உனக்கு ஏதாவது ஆயிடக்கூடாதுன்னு..."

"அப்படின்னா சாவியை ஒளிச்சு வெச்சிருக்கலாம். சீட்டை ஏன் கழட்டினீங்க?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"எரிச்சிட்டியேன்னு சொன்னீங்களே. என்னைப் பார்த்து. எங்கிட்ட. எத்தனை ஆயிரம் மோட்டார் இந்தக் கையில போயிருக்கு தெரியுமா உங்களுக்கு? எங்கயாவது ஃபேன் சுத்தினா அது நான் கட்டினதா இருக்கும்னு பெருமையா இருந்தவ நான். உங்க வீட்டு விசேஷத்துல தலை குனிஞ்சு உட்கார்ந்தேன்."

"அது விளையாட்டுக்குச் சொன்னது."

"யாருக்கு விளையாட்டு?"

வரைபடக்காரர் டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் ஊர்லேருந்து வந்து உட்கார்ந்தப்ப சீட் ரெண்டு விரல் முன்னால இருந்துச்சு. கண்ணாடியில பார்த்தா எல்லாம் மாறித் தெரிஞ்சுது. என் இடத்துல யாரோ வந்து உட்கார்ந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

"யாரோவா?" என்றார் அக்கா. குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "முப்பது வருஷமா உங்களுக்குச் சோறு போட்டவ யாரோவா? சரி, அன்னைக்குத்தான் கோபம். இப்ப? ரெண்டு பஸ் மாறி உங்களை இழுத்துக்கிட்டுப் போனேனே, என் தோள்ல கையை வெச்சுக்கிட்டு வந்தீங்களே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே. அந்த மெக்கானிக் மோட்டார் காலின்னு சொன்னப்ப, நானும் அதான் சொல்றேன்னு சொன்னீங்களே!"

"சொல்ல வெட்கமா இருந்துச்சு. நாள் ஆக ஆக சொல்ல முடியாமப் போச்சு."

"வெட்கம் உங்களுக்கு. கெட்ட பேரு எனக்கு."

அவர் அங்கேயே நின்றார். அக்கா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனார். அன்றைக்கும் சமைத்தார், பரிமாறினார், பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தம்பி பேருந்தில் வந்து இறங்கினார். திரும்பும்போது காரில் போகப்போகிறோம் என்ற நினைப்பில் கையில் கறுப்புக் கண்ணாடிகூட வைத்திருந்தார். அக்கா என்னையும் வரச்சொல்லியிருந்தார். "சாட்சி வேணும்" என்றார். தம்பி நேரே கொட்டகைக்குப் போய்க் கதவைத் திறந்து சீட்டில் ஏறப்பார்த்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. மறு கால் வெளியே தொங்கியது. பாதி உள்ளும் பாதி வெளியுமாக மாட்டிக்கொண்டு, "இது என்ன, சீட் முன்னால வந்திருக்கு?" என்றார்.

"உங்கண்ணனைக் கேளுங்க" என்றார் அக்கா.

வரைபடக்காரர் தொண்டையைச் செருமினார். "ஏதோ வயர் கழண்டிருந்துச்சாம்."

"சரியாச் சொல்லுங்க."

 எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காக என் மீதே எனக்குக் கோபம் வந்தது.

"நான்தான் கழட்டி வெச்சேன்" என்றார் அவர். "இவ எதையும் எரிக்கல. மோட்டார் எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

தம்பி அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அடேயப்பா! அண்ணன் பலே ஆளுதான். பதினோரு வருஷம் எல்லாரையும் ஏமாத்திட்டாரே!"

என்னால் பொறுக்க முடியவில்லை. "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டேவிட்டேன். ஒரு பெண் செய்யாத தப்புக்குச் சிரித்தார்கள். அவள் செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் சிரிக்கிறார்கள். கெட்டிக்காரப் பட்டம் அதைச் செய்தவருக்கே போகிறது.

"விடுங்கக்கா, பழைய கதை" என்றார் தம்பி என்னிடம். பிறகு அக்காவைப் பார்த்து, "இருந்தாலும் அண்ணி, இவ்வளவு பெரிய வண்டி, பழைய வண்டி. உங்களால சமாளிக்க முடியுமா? யோசிச்சுக்கோங்க" என்றார்.

அக்கா பின்கதவைத் திறந்து பிடித்தார். "பார்த்துட்டே போங்களேன். பஸ் ஸ்டாண்டுல விடறேன், ஏறுங்க."

தம்பி ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் ஏறினார். வேறு வழி இல்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரைபடக்காரர் முன்னால் இடது பக்கத்தில் ஏறினார். அக்கா சீட்டை இன்னும் ஒரு விரல் முன்னே கொண்டுவந்து, கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு, வண்டியைக் கொட்டகையிலிருந்து நேராகப் பின்னால் எடுத்தார். கேட்டின் இரண்டு தூணுக்கும் நடுவில் அளந்து வைத்த மாதிரி வந்தது. வழி முழுக்கத் தம்பியின் முழங்கால் முன்சீட்டை இடிக்கவில்லை. அத்தனை இடம் இப்போது பின்னால் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் அக்காதான் அவரை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். தெருமுனை மெக்கானிக் ஒரு நாள் வண்டியை நிறுத்தி, சீட்டைப் பார்த்துவிட்டு, "அட, பிளக்தானா? நான் அப்பவே நினைச்சேன்" என்றார். நினைத்தாராம். கார் டாக்டர் வேறொரு வீட்டில் முதலில் சீட்டுக்கு அடியில் பிளக்கைப் பாருங்கள் என்று யோசனை சொன்னதாகவும், அது அவருடைய நீண்ட கால அனுபவம் என்றதாகவும் கேள்விப்பட்டேன். நாத்தனாருக்கு விஷயத்தை வரைபடக்காரரே போனில் சொன்னார், அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லவைத்தார். "இதுக்குப் போயா இவ்வளவு?" என்றாராம் நாத்தனார். ஒரு பொய்யைப் பதினோரு வருடம் மறக்காமல் வைத்திருந்தவர்களுக்கு உண்மையைக் கேட்க இரண்டு நிமிடம் பொறுமை இல்லை.

வரைபடக்காரர் இப்போது வழியில் அதிகம் பேசுவதில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கும்போது மட்டும், "வண்டி நல்லாப் போகுது" என்கிறாராம். அது மன்னிப்பா, பாராட்டா, காரைப் பற்றிய தகவலா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

போன வாரம் என்னை ஏற்றிக்கொண்டு போனபோது நான் கேட்டேன். "அக்கா, கோபம் போயிடுச்சா?"

அக்கா சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"ஏன் போகணும்? அது அது பாட்டுக்கு இருக்கு. கண்ணுக்கு ஊசி தனி, இது தனி. ரெண்டையும் நான் பார்த்துக்கறேன்." பச்சை விழுந்தது. "கதவைச் சரியாச் சாத்தினியா பாரு, சத்தம் வருது."